மழை விட்டால் அழுகிறவள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்காவது பேய்ப் பயம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு மந்திரம் தெரியாது. திருநீறு போட மாட்டேன், கயிறு கட்ட மாட்டேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து அங்கே என்ன இருந்தது என்று சொல்வேன். அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நான் கூச்சக்காரன். கல்யாண வீட்டுப் பந்தியில் கடைசி மூலையைத் தேடி உட்காருவேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கண்டாக்கு ஐயா பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் தொண்டையிலேயே நின்றுவிடும். கல்லறையில் யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. அதனால் அங்கே எனக்குக் கூச்சம் இல்லை. கூச்சம் போன இடத்தில் பயமும் போய்விடுகிறது என்பதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஹட்டன் போகிற பஸ்ஸில் வந்து, சந்தியில் இறங்கி, தேயிலைக்குள் மேலே ஏறினால் கருங்கல்லில் கட்டிய சிறிய சர்ச் ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் கட்டியது. அதை ஒட்டி அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன, கல்லிலே சிலுவையும் இரும்பு வேலியுமாக. அதற்குக் கீழே, மலை கிழக்குப் பக்கம் சரிகிற இடத்தில், எங்கள் ஆட்களில் வேதத்தில் சேர்ந்த கிறிஸ்தவர்களைப் புதைக்கிறார்கள். அங்கே கல் கிடையாது. மண்மேடு, மரச் சிலுவை, தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடி. சில வருஷத்தில் சிலுவை உளுத்துப்போய்ச் செடி மட்டும் நிற்கும்.

முதலில் என்னை அங்கே அனுப்பியது மணிக்காக. சர்ச்சுக்கு வெளியே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் தொங்குகிற மணி, ஆளில்லாத நேரத்தில் தானாக அடிக்கிறது என்று நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயமே நடுங்கியது. பழைய துரை எழுந்து வந்து ஆட்களை வேலைக்குக் கூப்பிடுகிறார் என்றார்கள். நான் போய் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். காவற்காரரின் பசுமாடு வந்து கம்பத்தில் முதுகைத் தேய்த்தது. மணி அடித்தது. பிறகு, வெள்ளை உடுப்புப் போட்ட துரைசாணி ஒருத்தி சிலுவையைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறாள் என்றார்கள். அது காற்றில் வந்து மாட்டிக்கொண்ட உரப் பை. அதை எடுத்து வந்து வீட்டில் கொடுத்தேன். துரைசாணிக்குள்தான் இன்றைக்கும் என் மனைவி விறகுச் சிராய் போட்டு வைக்கிறாள்.

இப்போது டவுன் பையன்களும் பேய் தேடி வருகிறார்கள். கையில் கேமரா, விளக்கு மினுக்குகிற ஏதோ ஒரு கருவி. போன வருஷம் வந்தவர்கள் என்னை கேமராவுக்கு முன்னால் நின்று பேசச் சொன்னார்கள். நான் வெட்கத்தில் ஒரு துரையின் கல்லறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் போட்ட படத்தில் கல்லுக்குப் பின்னால் தெரிகிற ஒரு தலையைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள். லயத்தில் எல்லாரும் போனில் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்து சிரித்தார்கள். "பேயப் பாக்க மலைக்கு ஏன் போறாங்க, நம்ம காம்பராவுலயே குடியிருக்கே" என்றாள் என் மனைவி.

நான் கண்டுபிடிக்காததும் உண்டு. கண்டுபிடிக்கவில்லை என்பதற்காக அதைப் பேய் என்று ஒத்துக்கொள்ள எனக்கு அவசரம் இல்லை. பார்த்தால் காரணம் தெரியும் என்கிற நம்பிக்கை எனக்குக் குறைந்ததில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் குறைந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரே மகள். மாரியம்மன் கோயிலில் வளர்ந்த பிள்ளை, மேல் லயத்து வேதக்காரப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தாள். கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது குளவிக் கூடு கலைந்தது. மற்றப் பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்கைத் தலையில் போர்த்திக்கொண்டு ஓடிவிட்டார்கள். இவள் விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

சர்ச்சுக்குக் கீழேதான் புதைப்பது என்று மாப்பிள்ளை சொன்னான். அக்கா சரியென்றார். ஆனால் குழி வெட்டப் போன இடத்தில் சண்டை வந்தது. வேதக்காரர்கள் கால் கிழக்கே இருக்கும்படி வைப்பார்கள். எழுந்தால் கிழக்கைப் பார்த்து எழ வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். எங்கள் வழக்கத்தில் தலை தெற்கே இருக்க வேண்டும். றொசல்லப் பக்கத்திலிருந்து வந்த தாய்மாமன், அக்காவுடைய அண்ணன், குழிக்கு நடுவில் இறங்கி நின்றுகொண்டார்.

"பொண்ணக் குடுத்தாச்சு, தலையையும் குடுக்கணுமா? தெக்க பாத்து வெட்டுறதுன்னா வெட்டுங்க, இல்லன்னா என்னையும் சேத்து மூடுங்க!"

மழை வேறு பிடித்துக்கொண்டது. பிரேதம் மேலே சர்ச் வாசலில் காத்திருந்தது. கடைசியில் பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். தலையை மேற்கும் இல்லாமல் தெற்கும் இல்லாமல் நடுவில் வைத்துவிடுவது. இரண்டு பக்கமும் பாதி ஜெயித்த மாதிரி. அந்தச் சரிவில் எல்லாக் குழியும் மேலிருந்து கீழே நேராகக் கிடக்க, அவளுடையது மட்டும் கோணலாக, தலைப்பக்கம் தெற்கே சாய்ந்து விழுந்தது.

மழை வலுத்த மாதத்தில் சத்தம் ஆரம்பித்தது. மழை கொட்டும்போது ஒன்றும் கேட்காது. மழை விட்டு, பனிமூட்டம் இறங்கி, எல்லாம் அமைதியான பிறகு அவள் மேட்டுக்கு அடியிலிருந்து விக்கி விக்கி அழுகிற சத்தம் வரும். முதலில் கேட்டது விறகுக்குப் போன பெண்கள். கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பிறகு ஆண்கள் போய்க் கேட்டார்கள். அவர்களும் வேகமாகத்தான் வந்தார்கள்.

வேதக்காரர்களில் சிலர், தாய் திருட்டுத்தனமாகக் கல்லறையில் மஞ்சள் தண்ணி தெளித்ததால் அவள் தவிக்கிறாள் என்றார்கள். எங்கள் பக்கம், தலை திசை மாறிக் கிடப்பதால் அழுகிறாள் என்றார்கள். மாமன் மறுபடியும் வந்தார். கொத்மலைப் பக்கத்திலிருந்து பேய் கட்டுகிற கோடாங்கி ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை அவர் வந்து, தலைமாட்டில் முழ நீள இரும்பு ஆணியை இறக்கி அவளைக் கட்டிவிடுவார் என்று பேச்சு. ஆணி அடித்த ஆத்மா எழும்பாது, அழாது, எங்கேயும் போகாது. மாப்பிள்ளை, "என் மனுசி தலையில ஆணியா?" என்று கத்தினான். அவன் ஒருத்தன் கத்தி என்ன ஆகப் போகிறது? வேதக்காரர்களே சிலர், ஏதாவது செய்து அடக்கினால் போதும் என்று இருந்தார்கள்.

புதன்கிழமை வேலை விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். என் மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"தம்பி, மணிய நீங்கதான பாத்தீங்க. இதையும் ஒருக்கா பாத்து சொல்லுங்க."

"என்ன அக்கா பாக்கணும்?"

"எம் புள்ள அழுவுறாளா இல்லையான்னு. அழுவுறான்னா ஆணி அடிக்கட்டும், நான் மறிக்கல. அடங்கிக் கெடக்கட்டும். அழலன்னா அவ மேல இரும்பு படக் கூடாது. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. எனக்குத் தெரியும்."

இந்த மாதிரி என்னிடம் யாரும் கேட்டதில்லை. மற்றவர்கள் எல்லாம் பேய் இருக்கிறதா என்று கேட்டவர்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் மழை கொட்டியது. சர்ச்சின் வாசல் வளைவுக்குக் கீழே சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றேன். மழை விட்டதும் இறங்கிப் போனேன். வெளிச்சம் இருந்தது, ஆனால் பனிமூட்டத்தில் நாலு கல்லறைக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அவள் மேட்டுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

சத்தம் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அழுகைதான். மூச்சை இழுத்து, நிறுத்தி, மறுபடி விம்முகிற சத்தம். அந்தப் பிள்ளை சின்ன வயதில் எங்கள் வீட்டு வாசலில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அழுதது எனக்கு நினைவு வந்தது. அதே மாதிரிதான் இருந்தது. அந்த நிமிஷத்தில் எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். போயிருந்தால் நானும் லயத்தில் போய், ஆமாம் அழுகிறாள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஈர மண்ணில் காதை வைத்தேன். கால்மாட்டில் ஒன்றும் இல்லை. நடுவில் கொஞ்சம். தலைமாட்டில்தான் பலமாக இருந்தது. அதிலும் தெற்கு மூலையில். அந்த மூலையிலிருந்து நேராக மேலே பார்த்துக்கொண்டு ஏறினேன். சர்ச்சின் பின் சுவருக்குப் பக்கத்தில் பன்னச் செடி அடர்ந்திருந்தது. அதற்கு மேலே தேயிலைக்குள்ளிருந்து வருகிற கான் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. கான் என்றால், மழைத் தண்ணி மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க மலையில் நாங்கள் வெட்டுகிற வாய்க்கால். அதை வெட்டுவதுதான் என் வேலை. அந்தக் கானின் தண்ணி பன்னச் செடிக்குள் வந்தது. மறுபக்கம் வெளியே வரவில்லை.

செடியை விலக்கினேன். கல் அடுக்கிய ஒரு வாய். துரைமார் காலத்தில் சரிவில் நேராகக் கீழே இறங்குகிற மாதிரி கல் வைத்துக் கட்டிய பெரிய கான். காலப்போக்கில் மேலே மண் மூடி, புல் முளைத்து, அது இருப்பதே மறந்துபோயிருக்கிறது. குழிகளெல்லாம் அதற்குப் பக்கத்தில் நேராகக் கிடந்ததால் ஒன்றும் அதன் மேல் படவில்லை. அவளுடையது கோணலாகப் போனதில், தலை மூலை போய் அந்தக் கானை உடைத்துவிட்டது. மழை அவசரத்தில் வெட்டியவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு பெரிய புல்கட்டியைப் பெயர்த்து அந்த வாயில் வைத்து மிதித்தேன். கீழே ஓடிப் போய்க் காதை வைத்தேன். விம்மல் மெலிந்து மெலிந்து நின்றது. மறுபடி ஏறிக் கட்டியை எடுத்தேன். மறுபடி அழுதது.

நான் சந்தோஷமாக இறங்கி வந்தேன். அவ்வளவு நம்பிக்கையோடு நான் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றதில்லை. அக்கா வாசலிலேயே இருந்தார்.

"அக்கா, அவ அழல. தண்ணி சத்தம். அவ தலைமாட்டுக்கு அடியால பழைய கான் ஒண்ணு ஓடுது."

அவர் முகம் தெளியும் என்று நினைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைமாட்டுலயா?"

"ஆமா."

"அப்ப எம் புள்ள ஈரத்துலயா கெடக்கா?"

போர்த்தியிருந்த ஈரச் சாக்கை எடுத்துக் கீழே போட்டேன்.

"அவளுக்குத் தலையில ஈரம் பட்டா ஒடனே தடுமன் புடிக்கும் தம்பி. சின்னதுல இருந்தே அப்புடித்தான். மழைக்குக் கொழுந்துக்குப் போனா, நான்தான் ரெண்டு துணியாக் கட்டி விடுவேன். இத்தன நாளா தல நனஞ்சுக்கிட்டா கெடக்கா?"

பேய் இல்லை என்று சொல்லிவிட்டால் என் வேலை முடிந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மாட்டைக் காட்டினேன், உரப் பையைக் காட்டினேன், ஆட்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். இங்கே நான் பேயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நனைகிற ஒரு பிள்ளையை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எது பெரிய கஷ்டம் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா நடந்துகொண்டே இருந்தது கேட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கல்லறையில் இரண்டு லயத்து ஆட்களும் கூடிவிட்டார்கள். கோடாங்கி உடுக்கையோடு வந்திருந்தார். ஆணி ஒரு சிவப்புத் துணியில் சுற்றி இருந்தது. மாப்பிள்ளை மேட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றான். மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள்.

நான் மண் குத்துகிற அலவாங்கோடு வந்ததை மாமன் பார்த்தார்.

"வாங்க பேய் டாக்டர்! இந்தக் காய்ச்சலுக்கு என்ன மருந்து?"

சிரிப்பு எழுந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் காது சூடானது. ஆனால் அக்கா கூட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

"அது... தண்ணிங்க அண்ணே. கீழ ஒரு கான் இருக்கு" என்றேன்.

"ஒனக்கு எங்க பாத்தாலும் கான்தானப்பா! நாளைக்கு ஒம் பொஞ்சாதி அழுதாலும் எங்கயோ கான் அடைச்சிருக்குன்னு மம்பட்டியத் தூக்கிட்டு வருவ."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். நல்ல நகைச்சுவைதான், இன்றைக்கும் அதைச் சொல்லி என்னைச் சீண்டுகிறார்கள். அக்காவைப் பார்த்து, "வாங்க அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறினேன். அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் வந்தார்.

பன்னச் செடியை விலக்கிக் காட்டினேன். முந்தின நாள் எடுத்துப் போட்ட புல்கட்டி பக்கத்திலேயே கிடந்தது. நான் குனிவதற்குள் அவர் அதை இரண்டு கையாலும் தூக்கி அந்த வாயில் வைத்தார். காலால் மிதிக்கவில்லை. முழங்காலில் உட்கார்ந்து, பிள்ளைக்குப் போர்வையைச் செருகிவிடுகிற மாதிரி ஓரமெல்லாம் கையால் அமுக்கினார். கான் தண்ணி அவர் முழங்கையைத் தாண்டி வழிந்து பக்கவாட்டில் ஓடியது.

கீழே பேச்சுக் குறைந்தது. பிறகு மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"அத்தே! நின்னிருச்சு! சத்தம் நின்னிருச்சு!"

அக்கா அங்கேயே கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் இருந்தார். எழுந்து, சேறோடு இறங்கிப் போய், நேராக அண்ணன் முன்னால் நின்றார்.

"அண்ணே, ஆணிய வெச்சிட்டு மம்பட்டிய எடுங்க. எம் புள்ள தல நனையுது."

"இரு தாயி, சாமி என்ன சொல்றாருன்னு..."

அக்கா கோடாங்கியின் பக்கம் திரும்பினார். "சாமி, தண்ணிக்கு ஆணி அடிப்பீங்களா?"

கோடாங்கி நியாயமான மனிதர். உடுக்கையைத் தோளில் மாட்டினார்.

"தண்ணின்னா எனக்குத் தெரியாதும்மா. அது அந்தா நிக்கிற ஆளோட வேலை" என்று என்னைக் காட்டினார்.

பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் தெரிந்த வேலை. மாப்பிள்ளை சர்ச் பொறுப்பாளரிடம் போனில் கேட்டான். யாருடைய கல்லறையையும் தொடாமல் வெட்டுங்கள் என்று பதில் வந்தது. பன்னச் செடிக்கு மேலேயே தண்ணியைத் திருப்பி, சர்ச் சுவரைச் சுற்றி, வடக்குப் பக்கத்து ஓடைக்குக் கொண்டு போக வேண்டும். கயிறு பிடிக்காமல் கண்ணாலேயே சரிவு பார்த்து நான் முன்னால் கோடு கீறிக்கொண்டு போனேன். பின்னால் மாமன், மாப்பிள்ளை, இரண்டு லயத்து ஆட்கள். "ஆழம் பத்தாது", "அங்க மேடு இருக்கு, எறக்குங்க" என்று நான் சத்தம் போட்டுச் சொன்னேன். வெட்டி முடிந்த பிறகுதான், நான் சத்தம் போட்டதே எனக்கு உறைத்தது. கோடாங்கி ஒரு துரையின் கல்லறை மேல் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "அந்த ஓரத்த இன்னுங் கொஞ்சம் சாய்ச்சு வெட்டுங்கப்பா" என்று யோசனை சொன்னார். சரியான யோசனைதான்.

பழைய கானின் வாயைக் கல்லும் களிமண்ணும் வைத்து நான் இறுக்கினேன். அவள் தலை மூலைக்கு ஓர் எட்டு மேலேயும் அலவாங்கால் குத்தி, கானைக் கண்டு, அங்கேயும் அடைத்தேன். மாமன் வந்து என் பக்கத்தில் குந்தி, களிமண்ணைப் பிசைந்து பிசைந்து கொடுத்தார். குழிக்குள் இறங்கி நின்றது அவர்தான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு சில நாள் வெயில். மழைக்காக ஒருத்தர் காத்திருந்து நான் பார்த்தது அப்போதுதான். அக்கா வேலை விட்டு வந்ததும் வாசலில் நின்று கொத்மலைப் பக்கத்து வானத்தைப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நல்ல மழை அடித்தது. மழை விடுவதற்கு முன்னாலேயே கதவைத் தட்டினார். வழியில் மேல் லயத்து வாசலில் நின்று, "மாப்பிள்ள, வாங்க" என்று அவனையும் கூப்பிட்டுக்கொண்டார்.

புதுக் கான் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. திறந்த கான் போடுகிற சத்தம் யாரையும் ஏமாற்றாது, அது தண்ணியின் சத்தம்தான். மேட்டுக்குப் பக்கத்தில் மூன்று பேரும் நின்றோம். மழை விட்டது. பனிமூட்டம் இறங்கியது. குரோட்டன் இலையிலிருந்து சொட்டுவது கேட்டது. வேறொன்றும் இல்லை.

அக்கா தலைமாட்டில் குனிந்து காதை மண்ணில் வைத்தார். பிறகு விரலை மண்ணுக்குள் விட்டார். கை மணிக்கட்டு வரை போனது. உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். மேல் மண் ஈரம், அடி மண் கையில் ஒட்டாமல் உதிர்ந்தது.

"நல்லாப் பாத்தீங்களா தம்பி? வேற எங்கயாச்சும் தண்ணி வருமா?"

"வராது அக்கா."

வராது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் நிச்சயமாகவே சொன்னேன்.

"அப்ப சரி" என்றார்.

அந்த மண்ணை எடுத்த இடத்திலேயே போட்டுத் தட்டிவிட்டு எழுந்தார். அதற்கு முன்னால் எப்போது வந்தாலும், பாதை திரும்புகிற இடம் வரைக்கும் நின்று நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்குவார். அன்றைக்கு எங்களுக்கு முன்னால் இறங்கினார். சறுக்குகிற இடத்தில் மாப்பிள்ளைக்குக் கையைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.